வர்ஜீனியாவில் பொருளியலும் தனிநபர் நிதியும்: இந்தப் பாடத்தைப் படிக்கப்போகும் மாணவர்களுக்கு

வர்ஜீனியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டயம் பெற வேண்டுமானால் ‘பொருளியலும் தனிநபர் நிதியும்’ என்ற பாடத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி இது கட்டாயமாக இருந்துவருகிறது. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அப்பாவின் வேலை காரணமாக ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டிக்கு வந்துசேர்ந்த நான், பதினோராம் வகுப்பில் இந்தப் பாடத்தை எடுத்தேன். இங்குள்ள நம் வீடுகளில் இதைச் சுலபமான பாடம் என்று தள்ளிவைத்து, கோடை விடுமுறையில் இணையவழியாக முடித்துவிட்டு, பள்ளி ஆண்டில் கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களுக்கு இடம் பிடிப்பது வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓராண்டில் நடத்த வேண்டியதைச் சில வாரங்களில் படிப்பவர்கள், எங்கே நின்று படிக்க வேண்டும், எதை ஒரு பார்வையில் கடந்துவிடலாம் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பல பள்ளிகளில் இந்தப் பாடத்தின் முடிவில் ‘வைஸ்’ அமைப்பு நடத்தும் நிதி அறிவுச் சான்றிதழ்த் தேர்வை எழுதச் சொல்கிறார்கள். ஐம்பது கொள்குறி வினாக்கள். 70 விழுக்காடு எடுத்தால் சான்றிதழ். சாதாரணப் பட்டயம் பெறுபவர்களுக்குத் தேவைப்படும் தொழிற்சான்றிதழ் நிபந்தனையையும் இதைக் கொண்டு நிறைவு செய்யலாம் என்பதால் பள்ளிகள் இதில் அக்கறை காட்டுகின்றன. பாடத்தின் பெயரில் பொருளியல் முன்னால் இருந்தாலும், இந்தத் தேர்வில் பெரும்பகுதி தனிநபர் நிதிதான்.

வரையறைகளை நெட்டுருப் போட்டுப் பழகிய நமக்கு இந்தத் தேர்வு முதலில் ஏமாற்றம் தரும். ‘கடன் மதிப்பெண் என்றால் என்ன?’ என்று நேரடியாகக் கேட்கமாட்டார்கள். ஒருவருக்கு இரண்டு அட்டைகள் இருக்கின்றன, பத்து ஆண்டுகளாக வைத்திருக்கும் பழைய அட்டையை அவர் இப்போது பயன்படுத்துவதில்லை, அடுத்த ஆண்டு வீட்டுக்கடன் வாங்கப் போகிறார், அந்தப் பழைய அட்டையை மூடிவிடலாமா என்பதுபோல் கேட்பார்கள். ஒருவர் கடனை ஒழுங்காக அடைப்பாரா என்று மதிப்பிடும் ஃபைக்கோ என்ற கடன் மதிப்பெண் 300 முதல் 850 வரை செல்லும் என்பதும், அதில் 35 விழுக்காடு தவணை தவறாமையைப் பொறுத்தது, 30 விழுக்காடு பாக்கியுள்ள கடனைப் பொறுத்தது, 15 விழுக்காடு கடன் வரலாற்றின் நீளத்தைப் பொறுத்தது, புதிய கடனுக்கும் கடன் வகைகளுக்கும் தலா பத்து என்பதும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. பழைய அட்டையை மூடினால் மொத்தக் கடன் வரம்பு குறைகிறது, அதனால் அதே பாக்கித்தொகை வரம்பில் பெரிய பங்காகத் தெரிகிறது என்ற கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தவருக்குத்தான் விடை உடனே புலப்படும். சம்பளத்தொகை இந்த மதிப்பெண்ணில் சேர்வதே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடைத்தெரிவுகளில் அது அடிக்கடி பொறியாக வரும்.

இந்தப் பகுதியில் நம் வீட்டு வளர்ப்பே சில சமயம் தடையாக நிற்கும். கடன் வாங்காமல் வாழ்வதே மரியாதை என்று கேட்டு வளர்ந்தவர்கள், ‘கடனட்டையே வாங்கக் கூடாது’ என்ற தெரிவைப் பார்த்ததும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் கடன் வரலாறே இல்லாத ஒருவர் சில ஆண்டுகளில் வீடு வாங்க விரும்பினால், பிணைத்தொகை கட்டிப் பெறும் அட்டை ஒன்றை வாங்கி, சிறு தொகைக்குப் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுவதையும் அடைத்துவருவதே இங்கு ஏற்கப்படும் விடை. சென்னையில் எத்தனை ஆண்டு நல்ல சம்பளத்தில் வேலை பார்த்திருந்தாலும், இங்கு வந்திறங்கியதும் கடன் வரலாறு பூச்சியத்தில்தான் தொடங்குகிறது என்பதை அனுபவித்த பெற்றோர் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகச் சொல்வார்கள்.

சம்பளச் சீட்டு, வரி ஆகிய இரண்டுக்கும்தான் நான் மிகுதியான நேரம் செலவிடச் சொல்வேன். பாடம் எழுதப்பட்ட விதமே, படிப்பவர் பகுதிநேர வேலை பார்க்கும் பதின்ம வயதினர் என்ற எண்ணத்தில் அமைந்தது. வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்தினருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. பெரும்பாலும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருக்காது. வகுப்பில் மற்றவர்கள் தங்கள் முதல் சம்பளத்தில் பிடித்தம் போனதைப் பற்றிப் புலம்பும்போது, நமக்கு அது யாருக்கோ நடக்கும் கதையாக இருக்கும். ஆகவே இந்தப் பகுதியை வேண்டுமென்றே கையால் செய்து பழக வேண்டும். மணிக்கு 14 டாலர் வீதம் வாரம் 15 மணி நேரம் என்றால் மொத்தச் சம்பளம் 210 டாலர். அதில் அரசு ஓய்வூதியத் திட்டமான சமூகப் பாதுகாப்புக்கு 6.2 விழுக்காடு, அதாவது 13.02 டாலர், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 3.05 டாலர், இரண்டும் சேர்ந்து 16.07 டாலர். வருமான வரிப் பிடித்தம் இதற்கு வெளியே, வேலை தருபவரிடம் டபிள்யூ-4 படிவத்தில் நாம் எழுதிக்கொடுப்பதைப் பொறுத்தது. ஆண்டு வருமானம் குறைவு என்பதால் வருமான வரி திரும்பி வரலாம், அந்த 7.65 விழுக்காடு அப்படித் திரும்பி வருவதில்லை. இந்த வேறுபாட்டைச் சோதிக்கும் வினாக்களைப் பயிற்சித் தாள்களில் திரும்பத் திரும்பக் காணலாம்.

இதைச் செய்து பழகியபின், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டும் பெற்றோரின் டபிள்யூ-2 படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் முதல் கட்டத்தில் உள்ள சம்பளத்தொகை ஐந்தாம் கட்டத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். 401(கே) ஓய்வூதியக் கணக்கில் போட்ட பணத்துக்கு இப்போது வருமான வரி இல்லை, ஆனால் மெடிகேர் வரி உண்டு என்பதே அதற்குப் பொதுவான காரணம். வரி ஒத்திவைப்பு என்ற கருத்து எனக்கு ஒழுங்காகப் பிடிபட்டது அந்த இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான். சம்பள விவரத்தைப் பிள்ளைகளிடம் காட்டத் தயங்கும் பெற்றோர் உண்டு. தொகைகளை மறைத்துவிட்டு விழுக்காடுகளையாவது சொல்லும்படி கேட்கலாம்.

வரிப் படிகள் பற்றிய வினாவில் சறுக்காதவர் குறைவு. சம்பள உயர்வு கிடைத்து 22 விழுக்காட்டுப் படிக்குள் நுழைந்தால் முழு வருமானத்துக்கும் 22 விழுக்காடு போய்விடும் என்று பெரியவர்கள்கூட நம்புகிறார்கள். 2024-ஆம் ஆண்டு விதிப்படி, தனிநபர் ஒருவரின் வரிக்குரிய வருமானம் 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் 11,600 டாலருக்குப் பத்து விழுக்காடு, அதாவது 1,160. அதிலிருந்து 47,150 வரை பன்னிரண்டு விழுக்காடு, அதாவது 4,266. எஞ்சிய 2,850 டாலருக்கு மட்டுமே 22 விழுக்காடு, அதாவது 627. மொத்தம் 6,053 டாலர். முழுத்தொகைக்கும் 22 விழுக்காடு என்று போட்டால் 11,000 வரும்; அந்த எண்ணும் விடைத்தெரிவுகளில் ஒன்றாகக் காத்திருக்கும். இதோடு, பெரிய தொகை திரும்ப வருவது அரசு தரும் பரிசு அன்று, ஆண்டு முழுவதும் வட்டியில்லாமல் அரசிடம் விட்டுவைத்த நம் பணம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொண்டால் வரிப் பகுதியின் சாரம் கைக்கு வந்துவிடும்.

காப்பீட்டுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். மருத்துவமனைக் கட்டணம் 3,000 டாலர், முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை 1,000, அதற்கு மேல் நம் பங்கு 20 விழுக்காடு என்றால், 1,000-உம் மீதி 2,000-இல் 400-உம் சேர்ந்து 1,400 டாலர் நம் கையிலிருந்து போகும். நாம் முதலில் ஏற்கும் தொகை உயர்ந்தால் மாதப் பிரீமியம் குறையும் என்பதையும் இத்துடன் நினைவில் வைத்தால் இந்தப் பகுதி முடிந்தது. வங்கி வைப்புக்கான பாதுகாப்பு, ஒரு வங்கியில் ஒரு வகை உரிமையில் ஒருவருக்கு 250,000 டாலர் வரை; பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். இவற்றில் சிக்கல் ஒன்றுமில்லை.

பொருளியல் பகுதியில், தமிழ்நாட்டில் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு வாய்ப்புச் செலவு, பற்றாக்குறை, சந்தை வகைகள் முதலியன புதிதாக இரா. ஊன்றிப் படிக்க வேண்டியது தேவை மாறுவதற்கும் வாங்கப்படும் அளவு மாறுவதற்கும் உள்ள வேறுபாடுதான். பறவைக் காய்ச்சலால் 2022-இல் அமெரிக்காவில் முட்டை விலை கடுமையாக ஏறியது. கோழிகள் குறைந்ததால் இடப்புறம் நகர்ந்தது அளிப்புக் கோடு. விலை ஏறியதால் மக்கள் குறைவாக வாங்கினார்கள் என்றால், அது அதே தேவைக் கோட்டின்மீது மேலே நகர்வது. தேவைக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முட்டையை விட்டுவிட்டு டோஃபு வாங்கத் தொடங்கினால், டோஃபுவின் தேவைக் கோடு வலப்புறம் நகர்கிறது. செய்தியில் வரும் எந்த விலை உயர்வையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கோடு, எந்தப் பக்கம் என்று வரைந்து பழகினால் இந்தப் பகுதி தானாக அமைந்துவிடும்.

பணவியல் கொள்கையையும் நிதிக் கொள்கையையும் குழப்பிக்கொள்பவர்கள், யார் முடிவெடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வரியும் அரசுச் செலவும் என்றால் காங்கிரஸும் அதிபரும். வட்டி வீதம் என்றால் நாட்டின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். அதன் பன்னிரண்டு வட்டார வங்கிகளில் ஐந்தாவது நம் மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஏறத்தாழப் பூச்சியத்தில் இருந்த வட்டி வீதத்தைப் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். அந்த மாதங்களில் கார்க் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் என்ன ஆயிற்று என்று வீட்டில் விசாரித்தால் பாடநூல் வரைபடம் எளிதில் விளங்கும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பயிற்சித் தாள்களையும் அட்டைக் குறிப்புகளையும் நம்பிப் படிப்பவர்கள் ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கிகள் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய இருப்பு விகிதத்தை மாற்றுவது ஃபெடரல் ரிசர்வின் முக்கியக் கருவி என்று பல குறிப்புகளில் இருக்கும். 2020 மார்ச்சில் அந்த விகிதம் பூச்சியமாக்கப்பட்டுவிட்டது. 500 டாலர் கட்டணம் செலுத்திவிட்டு வாகனக் காப்பீடு இல்லாமலேயே வர்ஜீனியாவில் கார் ஓட்டலாம் என்ற வழியும் 2024 ஜூலை முதல் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. வரிப் படிகளின் தொகைகளும் ஆண்டுதோறும் மாறுவன. ஆசிரியர் தரும் குறிப்புக்கும் உங்கள் பழைய தாளுக்கும் முரண்பாடு வந்தால், கூச்சப்படாமல் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கல்லூரிச் செலவு பற்றிய பகுதியில் எச்-4 மாணவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். கூட்டரசின் கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பமும், படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் கடனுக்கும் ஏற்காத கடனுக்கும் உள்ள வேறுபாடும் தேர்வுக்கு வேண்டும். ஆனால் கூட்டரசு தரும் அந்த உதவிகள் எச்-4 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்கா. ஓய்வுக்காலச் சேமிப்புக்கான ராத் ஐஆர்ஏ கணக்குக்கும் உழைத்துப் பெற்ற வருமானம் இருக்க வேண்டும். தேர்வுக்குப் படிப்பது வேறு, உங்கள் வீட்டுத் திட்டம் வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு, கல்லூரிகள் தாமாக வழங்கும் உதவித்தொகைகளைப் பற்றிப் பள்ளி ஆலோசகரிடம் பதினோராம் வகுப்பிலேயே பேசத் தொடங்குங்கள். இந்தக் காரணத்தால்தான் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். கல்லூரி விண்ணப்பங்கள் போகும் இலையுதிர்காலத்தில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், படித்ததைப் பயன்படுத்த நேரம் இராது. பள்ளி ஆண்டில் எடுப்பவர்கள், ஜனவரி இறுதிக்குள் டபிள்யூ-2 வீட்டுக்கு வந்துவிடும் என்பதால், பிப்ரவரியில் பெற்றோர் வருமான வரிக் கணக்குக்கான 1040 படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் அமர்ந்துகொள்ளலாம். கோடையில் எடுப்பவர்களுக்கு அதன் நகல் போதும்; இரண்டே பக்கம்தான்.