தமிழ் வகுப்புக்கு நடந்துவரும் வழியில்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் சீனம், மலாய், தமிழ் என்று பிரிந்து போவார்கள். என் அறையில் வந்து உட்காருபவர்கள் நான்கைந்து வகுப்புகளிலிருந்து வருகிறவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் குறைவு, தமிழாசிரியர்களும் குறைவு. அதனால் தொடக்கநிலை இரண்டில் பார்த்த முகத்தையே ஐந்திலும் ஆறிலும் பார்ப்போம். யார் யாரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள், எப்போது விலகினார்கள் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

சிசிஇ எனப்படும் குணநலப் பாடத்தையும் தொடக்கப்பள்ளியில் தாய்மொழியில்தான் நடத்துகிறோம். மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்று ஆறு பண்புகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். 'நண்பனை மற்றவர்கள் கேலி செய்தால் என்ன செய்வாய்?' என்று பயிற்சித்தாளில் கேட்டால், 'ஆசிரியரிடம் கூறுவேன், ஆறுதல் சொல்வேன்' என்று குண்டு குண்டாக எழுதுவார்கள். எழுதிய கையோடு பக்கத்துப் பையனின் அழிப்பானைக் கடைசி வரிசைக்கு வீசவும் செய்வார்கள்.

அதனால் பகடிவதையை, அதாவது ஒரு பிள்ளையை மற்றவர்கள் தொடர்ந்து சீண்டி வதைப்பதைக் கண்டுபிடிக்க, பயிற்சித்தாளைவிட அவர்கள் என் அறைக்கு நடந்துவரும் அந்தச் சில நிமிடங்களைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். வகுப்பாசிரியர் பொறுப்பு அங்கே முடிந்துவிட்டது, என் பொறுப்பு இன்னும் தொடங்கவில்லை. புத்தகம், பென்சில் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார்கள். ஒருநாள் ஒரு பையன் மூன்று பென்சில் பெட்டிகளோடு வந்தான். பின்னால் இரண்டு பேர் கைவீசிக்கொண்டு வந்தார்கள். "ஹெல்ப் பண்றேன் டீச்சர்" என்றான் முந்திக்கொண்டு, நான் எதுவும் கேட்பதற்குள். மறுநாளும் அவன் கையில் மூன்று பெட்டிகள்.

அந்த நடைபாதையில் வேறொன்றும் நடக்கும். தமிழில் சொல்லும் கேலி மற்ற ஆசிரியர்கள் காதில் விழுந்தாலும் புரியாது. "கரிச்சட்டி" என்று ஒருவன் சொல்ல நாலு பேர் சிரித்தால், தமிழ் தெரியாத ஆசிரியருக்கு அது பிள்ளைகளின் உற்சாகம். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதை நம் பிள்ளைகள் வெளியில் கற்றுக்கொண்டார்கள் என்று பழி போடவும் முடியாது. பாதி நம் வீட்டுக் கூடத்திலிருந்தே வருகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளையின் ஆங்கில உச்சரிப்பைப் பழித்துக் காட்டுவார்கள். இங்கேயே பிறந்த பிள்ளை தமிழில் தடுமாறினால் ஊரிலிருந்து வந்த பிள்ளை இவனைப் பார்த்துச் சிரிக்கும்.

கேட்டால் ஒரே பதில்: "சும்மா விளையாட்டுக்கு டீச்சர்." பகடிவதை பற்றிய ஆய்வுக்கு முன்னோடியான நார்வேயின் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிரில் இருப்பவனால் ஈடுகொடுக்க முடியாமல் இருப்பது. மூன்றாவதை வைத்து நான் ஒரே கேள்வி கேட்பேன்: "சரி, விளையாட்டுதானே? அவன் உனக்கு என்ன பட்டப்பெயர் வச்சிருக்கான்?" விளையாட்டாக இருந்தால் உடனே பெயர் வரும், இருவரும் சிரிப்பார்கள். இல்லையென்றால் பையன் தன் சப்பாத்தைப் பார்ப்பான்.

2024ல் கல்வி அமைச்சு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, ஆண்டுக்குச் சராசரியாக 1,000 தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு 2 பகடிவதைச் சம்பவங்களும் 1,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு 6 சம்பவங்களும் பதிவாகின. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு பல நாடுகளில் நடத்தும் பீசா ஆய்வில், 2018ல் 15 வயது மாணவர்களிடமே நேரடியாகக் கேட்டபோதோ, மாதத்தில் சில முறையாவது இப்படி நடக்கிறது என்று சிங்கப்பூரில் 26 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஓஇசிடி நாடுகளின் சராசரி 23. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள், ஒன்றை மற்றதோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அலுவலகத்துக்குப் புகாராக வந்து சேர்வது எவ்வளவு கொஞ்சம் என்பது புரியும். பென்சில் பெட்டி விவகாரமெல்லாம் எந்தப் படிவத்தில் ஏறப்போகிறது?

பிரம்பால் நாலு போட்டால் சரியாகிவிடும் என்று சில பெற்றோர் சொல்வார்கள். இங்கே சட்டப்படி பிரம்படி ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் கொடுக்கலாம். பெரிய குற்றங்களுக்கு அது இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு தோழியை மட்டும் நீக்கிவிட்டு மற்றவர்கள் பிறந்தநாள் படம் போடுவதற்கு எந்தப் பிரம்பு? இந்த வயதில் அதில் கணக்கு வைத்திருக்கலாமா என்பது வேறு கதை.

எனக்கு நம்பிக்கை இருப்பது சுற்றி நிற்கும் பிள்ளைகளிடம். கனடாவில் பள்ளித் திடல்களில் நடப்பதைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001ல் வெளியிட்டார்கள். பெரும்பாலான சம்பவங்களில் சக மாணவர்கள் கூடவே இருந்தார்கள். தலையிட்டது 19 விழுக்காட்டில்தான். தலையிட்டபோதோ பாதிக்கு மேற்பட்ட தடவை அந்த வதை பத்து வினாடிக்குள் நின்றுபோனது. அதைப் படித்த பிறகு சிசிஇ வேளையில் 'தட்டிக் கேள்' என்று சொல்வதை விட்டுவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பாரம். கேலி செய்பவனைப் பார்க்கவே வேண்டாம், மற்றவனிடம் போய் "வா, கேன்டீனுக்குப் போவோம், கியூ நீளமாயிடும்" என்று சொல்லிக் கூட்டிப்போ என்கிறேன். வகுப்பில் நடித்தும் பார்க்கிறோம். வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், ஆனால் நாலாவது தடவை வாய்க்கு வந்துவிடும்.

இன்னா செய்தாரை மன்னிக்கும் குறளையும் இந்தப் பாடத்தில் இப்போது நடத்துவதில்லை. அடி வாங்குகிற பிள்ளை அதைத் தனக்குச் சொன்ன புத்திமதியாகவே எடுத்துக்கொள்கிறது. அருளுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் இருக்கிறதே, உன்னைவிட மெலிந்தவனிடம் போகும்போது உன்னைவிட வலியவன் முன்னால் நீ நிற்பதை நினைத்துக்கொள் என்பது, அது போய்ச் சேரவேண்டியவனிடம் நேரே போய்ச் சேரும். பென்சில் பெட்டியைச் சுமக்க வைத்த இருவரில் ஒருவன், தன் அண்ணன் தன்னை என்னவெல்லாம் செய்வான் என்று அந்தப் பாடத்தில்தான் சொன்னான். அவனைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்பினேன். பென்சில் பெட்டிக்குத் தனியாக ஒரு ஏற்பாடு: மூவரும் என் அறை வாசலில் தத்தம் பெட்டியை என்னிடம் காட்டிவிட்டு உள்ளே வரவேண்டும்.

பெற்றோர் சந்திப்பில் இரண்டு வகைப் பேச்சு வரும். "திருப்பி அடிக்கச் சொல்லியிருக்கேன் டீச்சர்" ஒன்று, "எங்க பையன் அப்படியெல்லாம் செய்யமாட்டானே" இன்னொன்று. இரு தரப்பிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மார்க்கைக் கேட்குமுன், இன்று ரீசஸில் யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். "சும்மா, யாரோடயோ" என்று இரண்டு மூன்று நாள் பதில் வந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், பரீட்சை வாரமாக இருந்தாலும் சரி.