தோசைக்கல்லில் டோஸ்ட் சாண்ட்விச்

காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டிலும் கிடக்கும் இரும்புத் தோசைக்கல் போதும், மெஷின் வேண்டாம். 2 ரொட்டித் துண்டு, வெளிப்பக்கம் மட்டும் அரை ஸ்பூன் வெண்ணெய். உள்ளே சோம்பு தாளித்த உருளைக்கிழங்கு மசாலா 2 மேசைக்கரண்டி. நன்றாக ஆறியிருக்கணும், சூடாக வைத்தால் ஆவி விட்டு ரொட்டி நமத்துப்போகும். வரமிளகாய்த் துவையல் தடவுகிறவர்கள் கெட்டியாக அரையுங்கள்.

கல் காய்ந்ததும் தீயைக் குறைத்து, அப்புறம்தான் ரொட்டி. மேலே அடி தட்டையான பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி வையுங்கள், அதுதான் பாரம். (அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள், அப்பளமாகிவிடும்!) பக்கத்துக்கு 2, 3 நிமிடம். வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருந்தால் தீ அதிகம். எடுத்ததும் தட்டில் போட்டால் அடி வியர்க்கும். சல்லடை மேல் 1 நிமிடம் வைத்து வெட்டுங்கள்.