விரிசல் கீழே, கவலை மேலே

மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் ஃபிராக்கிங் குழுக்களோடு சில ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்தேன். ஷேல் என்கிற களிப்பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் வெளியே எடுக்க, தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் வேலை. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். பூமியைப் பிளந்தால் நிலநடுக்கம் வராதா? அந்த விரிசல் வழியாக ரசாயனம் ஏறிவந்து குடிநீரில் கலக்காதா? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் களத்தில் இருந்த காலத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தவை வேறு. அவை பெரும்பாலும் தரைக்கு மேலேயோ, தரையை ஒட்டியோ நடந்தவை.

முதலில் அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான வயல்களில், எண்ணெய் தான் உருவான பாறையை விட்டு நகர்ந்து, நுண்துளைகள் உள்ள மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ வந்து தங்கியிருக்கும். துளை போட்டால் பாய்ந்து வரும். ஷேல் என்பது எண்ணெய் உருவான பாறையேதான். கிளம்ப வழியில்லாமல் அங்கேயே மிஞ்சியதைத்தான் நாங்கள் எடுக்கிறோம். அதனூடே திரவம் கசியும் வேகம், நல்ல மணற்பாறையோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக்கூடக் குறைந்திருக்கும். அதனால் செங்குத்தாக ஏறத்தாழ இரண்டு மைல் இறங்கி, அப்படியே வளைந்து, அடுக்குக்குள்ளேயே படுக்கைவாட்டில் இன்னும் இரண்டு மைல் துளைக்கிறார்கள். பிறகு கடைக்கோடியில் தொடங்கி, இருநூறு அடிக்கு ஒரு ஸ்டேஜ் என்று பிரித்துக்கொள்வோம். வயர்லைன் குழு, அதாவது கம்பிவடத்தில் கருவிகளை இறக்கும் குழு, வெடிமருந்தை இறக்கிக் குழாயில் துளைகள் போடும். அந்தத் துளைகள் வழியே நாங்கள் பாறையைப் பிளப்போம். அப்புறம் அதற்கு முன்னால் ஒரு பிளக் வைத்து அடைத்துவிட்டு அடுத்த ஸ்டேஜுக்குப் போவோம். ஒரு கிணற்றுக்கு ஐம்பது ஸ்டேஜ் வரை போகும்.

பாறையைப் பிளக்கும் யோசனை பழையது. 1947இல் கன்சாஸின் ஹ்யூகோட்டன் எரிவாயு வயலில் கெட்டியாக்கிய பெட்ரோலைச் செலுத்திப் பார்த்தார்கள்; 1949இல் அது வணிகமாகிவிட்டது. ஷேலில் பலிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஜார்ஜ் மிட்செல் என்ற எரிவாயுத் தொழிலதிபரின் நிறுவனம் 1981இல் டெக்சாஸின் பார்னெட் ஷேலில் கிணறு தோண்டிவிட்டு, பதினாறு பதினேழு வருடம் அந்தப் பாறையோடு மல்லுக்கட்டியது. அங்கே வேலை பார்த்த நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற பொறியாளர், விலை அதிகமான கெட்டிக் கூழுக்குப் பதிலாக, உராய்வைக் குறைக்கச் சிறிது பாலிமர் சேர்த்த தண்ணீரையே செலுத்திப் பார்த்தார். 1998இல் அது கைகொடுத்தது. நாங்கள் செய்ததும் அதே வழிதான். உள்ளே போவதில் சுமார் தொண்ணூற்றொன்பதரை சதவீதம் தண்ணீரும் மணலும். மீதி அரை சதவீதத்தில் உராய்வு குறைப்பான், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, குழாயில் உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து, கொஞ்சம் அமிலம். அரை சதவீதம்தானே என்று நிறுவனத்து விளக்கப் படங்களில் போடுவார்கள். ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி காலன் செலுத்தினால் அந்த அரை சதவீதம் 75,000 காலன். அது லாரியில் வந்து இறங்கி, குழாய் மாறி, தொட்டியில் நின்று, மனிதர் கைபட்டுத்தான் உள்ளே போகிறது.

வேலை நடக்கும்போது என் இடம் டேட்டா வேன். வெளியே இருபது பம்ப் லாரிகள் ஒருசேர உறுமிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்குத் தொண்ணூறு பீப்பாய், அதாவது 14,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கும். உள்ளே எங்கள் முன்னால் சில திரைகள். அவற்றில் எல்லோர் கண்ணும் ஒரு கோட்டின் மேல்தான் இருக்கும்: கிணற்று வாயின் அழுத்தம். இரண்டு மைல் கீழே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல, அந்த நேரத்தில் எங்களிடம் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். பம்ப் வேகம் கூடும்போது கோடு ஏறும். பாறை பிளக்கும்போது ஒரு சறுக்கல் தெரியும். அமிலம் துளைகளைப் போய்த் தொட்டதும் இன்னொரு சறுக்கல். அதன் பிறகு மணலைத் தொடங்குவோம், முதலில் கால் பவுண்டு, பிறகு அரை, ஒன்று என்று ஒவ்வொரு காலன் தண்ணீரிலும் படிப்படியாக ஏற்றி. விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுப்பது அந்த மணல்தான்.

மணல் துளைகளில் அடைத்துக்கொண்டால் ஸ்கிரீன் அவுட். கோடு செங்குத்தாக எகிறும். பம்புகள் தாமாகவே நிற்கும். நிற்காவிட்டால் குழாய் தாங்காது. இதில் கஷ்டம் என்னவென்றால், நாம் எடுக்கும் முடிவு கீழே போய்ச் சேர நேரமாகும். கிணற்றுக் குழாய்க்குள் எப்போதும் நானூறு பீப்பாய்க்கு மேல் திரவம் நிற்கிறது. மணலை இப்போது நிறுத்தினால் அதன் பலன் துளைகளுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகிவிடும். அந்த ஐந்து நிமிடமும் ஏற்கெனவே அனுப்பிய மணல் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த ட்ரீட்டர் (பம்ப் வேலையைக் களத்தில் நடத்துபவர்) ஒருவர், பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், அடிக்கடி சொல்வார்: "எண் எவ்வளவு என்று பார்க்காதே. எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்." நிமிடத்துக்கு முப்பது பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கில் கோடு மெல்ல நிமிரத் தொடங்கும்போதே அவர் மணலைக் குறைக்கச் சொல்லிவிடுவார். அலுவலகத்தில் இருந்தவர்கள் அவசரப்படுகிறார் என்பார்கள். மணலைக் குறைத்தால் திட்டமிட்ட டன் கணக்கு இடிக்கும், வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். அவர் அசையமாட்டார். நான் பார்த்த பொறியாளர்களில் பலரைவிட அவருக்குப் பாறை நன்றாகப் புரிந்திருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, குடிநீர்க் கேள்விக்கு வருகிறேன். எங்கள் விரிசல்கள் மேல்நோக்கிச் சில நூறு அடி வளரும். குடிநீர் அடுக்குகளுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு மைலுக்கு மேல் பாறை இருக்கிறது. இவ்வளவு ஆழத்தில் வேலை செய்யும்போது விரிசல் வழியாகவே ஏறிவருவது மிகக் கடினம். ஆனால் அந்த ஒரு மைல் பாறையையும் நாமே துளைத்துத்தானே கீழே போயிருக்கிறோம்? அந்தத் துளையில் இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் இடையே உள்ள ஓரிரண்டு அங்குல இடைவெளியைச் சிமென்ட் சரியாக நிரப்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நிரப்பாவிட்டால் எரிவாயுவுக்கு நாமே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையும், குடிநீர் பாதிக்கப்படக்கூடிய வழிகளாகச் சொன்னவற்றில் தரைமேல் சிந்துவதும், கிணற்றுக் கட்டுமானக் கோளாறும், கழிவு நீரைச் சரியாகக் கையாளாததும் இருந்தன. சிமென்ட் வேலை நடப்பது நாங்கள் வருவதற்கு முன்பு. அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பதிவை நான் ஒவ்வொரு கிணற்றிலும் கேட்டு வாங்குவேன். எல்லா இடத்திலும் அதை மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது மணல். இதைப் பற்றி வெளியே யாரும் கேட்பதே இல்லை, எனக்கோ இதுதான் மிகப் பெரிய ஆதங்கம். ஒரு கிணற்றுக்கு ஆயிரக்கணக்கான டன் மணல் வேண்டும். அது கிட்டத்தட்டத் தூய சிலிக்கா. லாரியிலிருந்து காற்றழுத்தத்தால் சேமிப்புத் தொட்டிக்கு ஊதி ஏற்றும்போது, தொட்டியின் மேல்மூடிகள் வழியே வெள்ளைப் புகை மாதிரி தூசி கிளம்பும். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். அந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் நோய் வந்துவிட்டால் குணப்படுத்த முடியாது. பணியிட நலத்துக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையோஷ் ஐந்து மாநிலங்களில் 11 தளங்களில் காற்று மாதிரி எடுத்துப் பார்த்து, 2012இல் எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் பரிந்துரைத்த அளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பல மாதிரிகளில் இருந்தது. தொழிலாளர்கள் போடும் சாதாரண அரைமுகக் கவசம் பாதுகாப்பதே பத்து மடங்கு வரைதான்.

மணல் தொட்டிமேல் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். வேலைக்குப் புதிதாக வருபவர்களை முதலில் மணலுக்குத்தான் அனுப்புவார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது, ஓரமாகத் தூசி உள்ளே போகும் என்று சொல்லி மழிக்கச் சொல்லவேண்டும். வெயிலில் கவசத்துக்குள் வியர்வை கொட்டும்போது, கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொள்வார்கள். நான் பார்த்த ஒரு தளத்தில் தூசி உறிஞ்சும் கருவி பழுதாகிக் கிடந்தது. அதோடேயே பல ஷிப்ட்கள் ஓடின. பம்ப் பழுதானால் ஒரு மணி நேரத்தில் மாற்று வரும், இதற்கு வரவில்லை. எட்டு மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற புதிய வரம்பு 2018இல் இந்தத் தொழிலில் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் மணல் மூடிய பெட்டிகளில் வந்தது, சில இடங்களில் ஈரமாகவே வந்தது. ஊதி ஏற்றுவது போனதும் தூசியும் வெகுவாகக் குறைந்தது. ஒரு பெட்டி இவ்வளவு வித்தியாசத்தைச் செய்யும் என்றால், அதற்கு முந்தைய வருடங்களில் தொட்டிமேல் நின்ற அத்தனை பேரையும் யாராவது தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். அவர்களில் பலர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. அந்த வசந்தத்தில் குழு குழுவாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று நிறுவனங்களிடமே முழுக் கணக்கு இருக்காது.

கடைசியில் தண்ணீர். செலுத்திய தண்ணீரில் ஒரு பகுதி திரும்ப வரும் என்பது பலருக்குத் தெரியும். பாறையிலேயே இருக்கும் பழங்காலக் கடல் நீரும் எண்ணெயோடு சேர்ந்து, கிணறு உயிரோடு இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. பெர்மியனில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று நான்கு பீப்பாய் தண்ணீர் சாதாரணம். உப்பு கடல் நீரைவிடப் பல மடங்கு. நிலத்தில் கொட்டினால் அந்த இடத்தில் புல்கூட முளைக்காது. அதனால் அதைத் தனியாகத் தோண்டிய அகற்றுக் கிணறுகள் வழியே வேறு பாறை அடுக்குகளுக்குள் செலுத்துகிறார்கள். நிலநடுக்கக் கேள்விக்கு பதில் இங்கேதான் இருக்கிறது. பாறையைப் பிளப்பதாலேயே அதிர்வு வந்த இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் பிரஸ்டன் நியூ ரோடில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவு அதிர்வு வந்து, அந்த நவம்பரில் அரசு ஃபிராக்கிங்கை நிறுத்திவைத்தது. ஆனால் ஓக்லஹோமாவில் 2016 செப்டம்பரில் பானீ நகரை உலுக்கிய 5.8 அளவு நிலநடுக்கம், கழிவு நீரை ஆழத்தில் ஆண்டுக்கணக்காகச் செலுத்தியதன் விளைவு. 2022 நவம்பரில் மேற்கு டெக்சாஸின் மென்டோன் அருகே 5.4 வந்தது. ஆழ்ந்த அடுக்குகளில் செலுத்துவதை அரசு குறைக்கச் சொன்னதும் பலர் ஆழம் குறைந்த அடுக்குகளுக்கு மாறினார்கள். அங்கே அழுத்தம் ஏறி, பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட பழைய கிணறுகள் வழியாக உப்பு நீர் தரைக்கு மேலே பீறிடத் தொடங்கியது.

நான் ஃபிராக்கிங் குழுவை விட்டு இந்தத் தண்ணீர் வேலைக்கு மாறியது அதனால்தான். இரும்பையும் பாக்டீரியாவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி, அதே உப்பு நீரை அடுத்த கிணற்றின் ஃபிராக்கிங்குக்குக் கொடுக்கிறோம். உப்பைத் தாங்கும் உராய்வு குறைப்பான்கள் வந்த பிறகு இது நன்றாகவே நடக்கிறது. வறண்ட நிலத்திலிருந்து நல்ல தண்ணீர் எடுப்பது அந்த அளவுக்கு மிச்சம். ஆனால் புதுக் கிணறுகள் குடிப்பதைவிடப் பழைய கிணறுகள் கக்குவது அதிகம். அதனால் கிணறு தோண்ட அனுமதி கேட்டு வருபவரிடம், எவ்வளவு எண்ணெய் வரும் என்பதோடு, இருபது வருடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும், அதை எங்கே கொண்டுபோவீர்கள் என்ற கணக்கையும் முதல் நாளிலேயே கேட்கவேண்டும் என்று கூட்டங்களில் சொல்லிவருகிறேன். ஆய்வகத்தில் உப்பை முழுதாக நீக்கிப் பார்க்கும் வேலையும் நடக்கிறது. உப்பு போய்விடுகிறது. ரேடியமும் அம்மோனியாவும் சில கரிமச் சேர்மங்களும் எவ்வளவு மிஞ்சுகின்றன என்று ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாகச் சோதிக்கிறோம். ஆற்றில் விடலாம், பயிருக்குப் பாய்ச்சலாம் என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சோதனைகள் முடியும்வரை என் கையெழுத்துக் கிடைக்காது.