நான்கு கால்களும் இருபது கால்களும்

எங்கள் இராமநாதபுரம் கரையோரத்து ஊர்களில் புரவி எடுப்புக்காக, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை காணிக்கையாக்கும் விழாவுக்காக, குயவர்களான வேளார்கள் வனையும் மண்குதிரைகள் ஓடுவதில்லை; உள்கூடான தடித்த கால்களை ஊன்றி நிற்கின்றன, ஏனெனில் மேலே ஏறும் உடலின் பாரத்தை அந்தக் கால்கள்தாம் தாங்கியாக வேண்டும். இதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, லியோனார்டோ டா வின்சியின் குதிரைக் கோட்டோவியங்களில் அழகைவிடப் பாரத்தின் கணக்கே என் கண்ணில் முதலில் படுகிறது.

மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சா தம் தந்தைக்கு எழுப்ப விரும்பிய வெண்கலச் சிலைக்காக லியோனார்டோ முதலில் வரைந்தது, முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரையை. அவ்வளவு உலோகத்தைப் பின்னங்கால்களில் மட்டும் நிறுத்துவது அரிது என்பதால் நடக்கும் குதிரைக்கு மாறினார். லாயங்களில் நல்லினக் குதிரைகளை உறுப்பு உறுப்பாக அளந்து, அளவுகளை ஓவியத்தின் மேலேயே குறித்தார். 7 மீட்டருக்கும் உயரமான களிமண் மாதிரி 1493இல் மக்கள் பார்வைக்கு வந்தது. வெண்கலமோ மறு ஆண்டே பீரங்கி வார்க்கப் போய்விட்டது. 1499இல் மிலானுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படையின் வில்லாளிகள் அம்மாதிரியை அம்பெய்யும் இலக்காக்கினார்கள். சூளை காணாத மண் அதற்குப் பிறகு எத்தனை மழையைத் தாங்கும்?

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, பந்தயக் காரே பழஞ்சிலையைவிட அழகு என்று 1909இல் இத்தாலியக் கவிஞர் மரினெட்டி முழங்கினார். அவரைப் பின்பற்றி, வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றிய எதிர்காலவாத ஓவியர்கள், ஓடும் குதிரைக்குக் கால்கள் நான்கல்ல, இருபது என்று 1910இல் அறிக்கை விட்டார்கள். ஆனால் அதே ஆண்டு அதே மிலானில் அவர்களுள் ஒருவரான உம்பெர்ட்டோ போச்சோனி தீட்டத் தொடங்கிய ‘நகரம் எழுகிறது’ ஓவியத்தில் நகரத்தின் ஆற்றலாகப் பாய்வது காரன்று. தொழிலாளர்களை இழுத்துச் சாய்க்கும் ஒரு பெரிய செங்குதிரை. 1916இல் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்துதான் அவர் இறந்தார்.

எதிர்காலவாதிகள் பழைமையை உதறியதாகச் சொல்லிக்கொண்டதை நான் முழுதாக ஏற்பதில்லை. ‘ஆங்கியாரிப் போர்’ சுவரோவியத்துக்காக 1503ஐ ஒட்டி லியோனார்டோ செஞ்சுண்ணத்தால் வரைந்த தாள் ஒன்று வின்ட்சர் கோட்டைத் தொகுப்பில் இருக்கிறது. அதில் எழும் குதிரை ஒன்றுதான்; தலையும் கால்களும் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிலைகளில் கிடக்கின்றன. லியோனார்டோவுக்கு அவை ஒன்றைத் தேர்வதற்கான தேடல். போச்சோனியின் தலைமுறையினரோ தேர்வை மறுத்து, எல்லாவற்றையும் முடிந்த ஓவியத்திலேயே விட்டுவைத்தார்கள். புதுமை அந்த மறுப்பில்தான் இருக்கிறது, கால்களின் எண்ணிக்கையில் அன்று.