கிலோ என்ன விலை?

ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி வேலை தெருவில்தான். ஒரு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனி, மறுநாள் சவுகார்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரி, அதற்கடுத்த நாள் கிண்டி. நங்கநல்லூரிலிருந்து பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடை, லேடீஸ் பெட்டியில் நின்றபடியே பார்க் வரை, அங்கிருந்து மின்ட் தெரு. அந்த ஜவுளிக்காரரின் கணக்கு அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. படிக்கட்டு அவ்வளவு செங்குத்து, கைப்பிடிக்குப் பதில் மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது முதுகில் இருக்கும் லேப்டாப் பை, ‘கீழே போயிடலாம் வா’ என்று பின்னால் இழுக்கும்.

ஆபீஸில் கொடுத்த லேப்டாப் அப்படி. 15.6 அங்குலத் திரை. பேட்டரி எப்போதோ மோட்சம் அடைந்துவிட்டதால் சார்ஜர் இல்லாமல் கண்ணே திறக்காது. ஒருநாள் சாரிடம் தோள்வலி என்று முனகியதில், “நீயே ஒண்ணு பார்த்து வாங்கிக்கோ, மாசாமாசம் கொஞ்சம் அலவன்ஸ் போட்டுத் தரேன்” என்றார். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று கேட்கும் தைரியம் எங்கள் ஆபீஸில் யாருக்கும் கிடையாது.

வீட்டில் சொன்னதும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். இன்ஜினீயரிங் படிக்கும் தம்பிக்கு, கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் எல்லாம் கால்குலேட்டர். அப்பாவுக்கு, ஐம்பதாயிரத்துக்கு மேல் போனால் அது ஊதாரித்தனம். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: “எடை எவ்வளவு?” எனக்கும் அதுதான் கேள்வி. ஆனால் இப்போது சுமப்பது எவ்வளவு என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

அதனால் பையோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன். எலெக்ட்ரானிக் தராசில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துண்டால் துடைத்துவிட்டு, “வைம்மா” என்றார். சிவப்பு எழுத்தில் 7.450 என்று காட்டியது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். லேப்டாப் 2.310. சார்ஜர் 0.480. அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு கேரியர் 1.340. தண்ணீர் பாட்டில் 1.180. சோறும் தண்ணீரும் சேர்ந்தாலே இரண்டரைக் கிலோ! வேடிக்கை பார்க்க வந்த தம்பியின் கேமிங் லேப்டாப்பையும் விடவில்லை. 2.350. அதன் சார்ஜர் மட்டும் 0.760. செங்கல்லைக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் சொல்லும் எடையில் இந்தச் செங்கல் ஒருபோதும் சேராது.

“அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் நகர்த்திட்டு என் துவரம் பருப்பைப் போடறீங்களா?” என்றார் பின்னால் நின்ற மாமி.

பருப்பைப் போட்டுக்கொண்டே அண்ணாச்சி, நான் போனில் குறித்து வைத்திருந்த விலைகளைக் கேட்டார். தம்பி வைத்திருக்கும் மாதிரி கேமிங் வகை 82 ஆயிரம். சாதாரண வகை, 1.7 கிலோ, 56 ஆயிரம். ஒரு கிலோவுக்கும் கீழே, 990 கிராம் மாடல் ஒன்று, 1 லட்சத்து 18 ஆயிரம். அண்ணாச்சி கால்குலேட்டரைத் தட்டினார். கேமிங் கிலோ 35 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சாதாரணம் கிலோ 33 ஆயிரம். லேசானது கிலோ 1 லட்சத்து 19 ஆயிரம்.

“ஏம்மா, இது என்ன கூத்தால்லா இருக்கு? சரக்கு கொறையக் கொறைய ரேட்டு கூடுது. பத்து கிராம் கொறஞ்சா சண்டைக்கு வர்ற ஆளுகளுக்கு நான் இத்தன வருசமா வியாபாரம் பண்ணிட்டு இருக்கேனே!”

அண்ணாச்சியின் ஆத்திரம் நியாயமானது. எடையைக் குறைப்பதற்குத்தான் அங்கே காசு. அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியக் கலவையில் உடம்பைச் செய்தால், அதே அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை குறையும், விலை கூடும். ராம் என்கிற நினைவகச் சில்லை போர்டிலேயே வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். இடம் மிச்சம். பின்னால் 8 ஜிபி போதவில்லை என்று புலம்பினால் புலம்ப வேண்டியதுதான், கழற்றி மாற்ற வழியில்லை.

இந்த இழுபறி இன்று நேற்று வந்ததில்லை. 2007-ல் ஏஸஸ் நிறுவனம் ஈ பிசி என்று ஒன்றை விட்டது. 7 அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவு, விலையும் குறைவு. குறையாக என்ன இருந்தது என்றால் வேகம். 2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். 1.36 கிலோ, 1,799 டாலர், மொத்தத்துக்கும் ஒரே ஒரு யுஎஸ்பி துளை. 2011-ல் சிப் செய்யும் இன்டெல், அல்ட்ராபுக் என்று பெயர் வைத்து, மெலிசாகவும் இருக்க வேண்டும், 1,000 டாலருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளையும் விரட்டியது. 2020 நவம்பரில் ஆப்பிள், எம்1 சிப் போட்ட மேக்புக் ஏரை விசிறியே இல்லாமல் 1.29 கிலோவில் கொண்டுவந்தது. அசுர வேகம், நம் ஊர் விலை 92,900. அப்புறம் என்ன, அந்த வம்சத்திலேயே ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் கணக்குப் பார்க்கிற மென்பொருளான டேலி அதில் நேரடியாக ஓடாது. டேலி ஓடாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆடிட்டர் ஆபீஸில் நான் பஜனைதான் பண்ண வேண்டும்.

சனிக்கிழமை தம்பியும் நானும் ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பினாலே, “மேடம் லேப்டாப்பா, சிசிடிவியா, மதர்போர்டா?” என்று கூடவே நடந்து வருவார்கள். பென் டிரைவில் என் சொந்தச் சோதனைத்தாள் இருந்தது. ஜவுளிக்காரரின் கொள்முதல் பட்டியலிலிருந்து பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு, வரிசைகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி வீங்க வைத்த எக்செல் கோப்பு. எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைதான் உச்சம். அதில் முக்கால்வாசியை நிரப்பியிருந்தேன். ஜிஎஸ்டி கணக்கு ஒப்பிடுகிறவர்களுக்கு இதன் வலி தெரியும்.

990 கிராம் அழகியைக் கையில் கொடுத்தார்கள். ஒற்றைக் கையில் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் 1 லட்சத்து 18 ஆயிரம் எல்லாம் ஒரு காசா என்று தோன்றியது. பென் டிரைவைச் செருகப் போனேன். துளை இல்லை. இரண்டு பக்கமும் டைப்-சி மட்டும். கடைப் பையன், டைப்-சியில் மாட்டினால் பழைய யுஎஸ்பி துளை தருகிற ஹப் ஒன்றைத் தேடி எடுத்து வந்தான்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் ஒரு பழைய மைசூர்பா டப்பா நிறைய எங்கள் ஆபீஸில் இருக்கின்றன. எல்லாம் பழைய யுஎஸ்பி வாய். கடைசித் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு, ஒருவருடைய ரிட்டர்னைப் போட டோக்கனைத் தேடுகிறோமா, ஹப்பைத் தேடுகிறோமா? எங்கள் ஆபீஸில் பேனாவே அரை நாளுக்கு மேல் ஒருவரிடம் தங்காது.

சரி, ஹப்பை மாட்டிக் கோப்பைத் திறந்தோம். முதல் தடவை பறந்தது. அதே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். போகப்போக மூச்சு வாங்க ஆரம்பித்தது. விசைப்பலகைக்கு மேல் விரலை வைத்தால் இளஞ்சூடு. கடையில் ஏசியும் இல்லை, மே மாதம் வேறு. தம்பி உடனே வாத்தியாராகிவிட்டான். மெலிசு லேப்டாப்பில் போடும் ‘யு’ வகை சிப்கள் 15 வாட் கணக்கில் செய்தவை, அவனுடையதில் இருக்கும் ‘எச்’ வகை 45 வாட். வாட் எல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். அதைத் தள்ள விசிறியும் செப்புக் குழாயும் வேண்டும், அவற்றுக்கு இடம் வேண்டும், இடம் என்றால் எடை. இடம் இல்லாவிட்டால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அம்பத்தூரில் பிரஸ் ஷாப்புக்கு மேலே இருக்கும் அந்தத் தகரக் கூரை அறையை நினைத்துப் பார்த்தேன். அங்கே நானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன், பாவம் அது என்ன செய்யும்.

“மேடம், டெமோ பீஸ்...” என்று பையன் தயக்கத்தோடு மூடியை மூடினான்.

கடைசியில் எடுத்தது வேறொன்று. 1.38 கிலோ என்று போட்டிருந்தது. ‘யு’ சிப்தான், ஆனால் ஒழுங்கான விசிறி உண்டு. 16 ஜிபி ராம், பழைய யுஎஸ்பி துளை ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் 65 வாட் டைப்-சி சார்ஜர். பேரம் பேசி 71,500. அதே கோப்பைப் போட்டுப் பார்த்தேன். பறக்கவும் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. மின்ட் தெரு மாடிக்கு இதற்கு மேல் எனக்கு வேகம் தேவையில்லை. “இதுல ஒரு கேமும் ஓடாது” என்று தம்பி திருவல்லிக்கேணி வரை புலம்பிக்கொண்டே வந்தான். அப்பாவிடம் 55 ஆயிரம் என்று சொல்லியிருக்கிறோம். யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

திங்கள்கிழமை காலை பையைத் தூக்கினால் பூ. அதைப் பார்த்த அம்மா, “லேசாத்தானே இருக்கு” என்று தயிர்சாதத்துக்குத் தனி டப்பாவும், நறுக்கிய கொய்யா ஒரு டப்பாவும் உள்ளே தள்ளினாள். ஆபீஸுக்குப் போனால் சார் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவாயில்லையே, நல்லா லேசா இருக்கே” என்றவர், அலமாரியைத் திறந்து கையடக்க ஸ்கேனரையும் இரண்டு தடித்த வவுச்சர் பைல்களையும் எடுத்து நீட்டினார். “அப்ப இதை நீயே சவுகார்பேட்டைக்கு எடுத்துட்டுப் போயிடும்மா.”

அன்று சாயங்காலம் பையை அண்ணாச்சியின் தராசில் இறக்கினேன். 7.620. அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. புது லேப்டாப்பை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். 1.410.

“கடையில எவ்வளவுன்னு சொன்னான்?”

“1.38, அண்ணாச்சி.”

“முப்பது கிராம் கூடவே போட்டுக் குடுத்திருக்காம்லா! நல்ல மனுசன். இனிமே எதுனாலும் அங்கேயே வாங்கு.”