கட்டம் போட்ட தாள்

செப்டம்பர் 6, ஃபீனிக்ஸ்

காலையில் கண்ணைச் சோதிக்கிற கட்டம் போட்ட தாளைப் பார்த்தேன். நடுவில் இருக்கிற மூன்று கோடுகள் வளைந்துதான் இருக்கின்றன. நேற்றைவிட அதிகமா என்று சொல்லத் தெரியவில்லை.

பெட்டி கட்டியாயிற்று. டிரைபாட், 24-70, 100-400 லென்ஸ்கள், லென்ஸ் துடைக்கிற துணி நாலு, தூசி ஊதுகிற பம்பு. வீட்டில் இன்னும் கோபம் தீரவில்லை. இந்த நேரத்தில் போயே ஆக வேண்டுமா என்று கேட்டாள், இந்த நேரத்தை விட்டால் எப்போது என்று நானும் கேட்டுவிட்டேன். அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் வாயு இருக்குமாம், அது கரைகிற வரைக்கும் உயரமான இடத்துக்குப் போகக் கூடாது. நான் போகிற இடம் 5,000 அடிக்கு மேல். அதற்கப்புறம் குளிர்காலம் வந்துவிடும். அதற்கும் அப்புறம் எதைப் பார்ப்பேன் எப்படிப் பார்ப்பேன் என்று யாருக்குத் தெரியும். இதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, பேஜ்

பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டி முடித்துவிட்டேன். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை. பகல் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் கூப்பிடுவோம் என்றார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை.

இந்த மணி விஷயம் என்னைப் படுத்துகிறது. அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும், நவஹோ பழங்குடி மக்களின் நவஹோ நாட்டில் தள்ளி வைக்கிறார்கள். பேஜ் ஊர் எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் கூடிவிடும், கைப்பேசியோ எந்தக் கோபுரம் கிடைக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டுகிறது. அறையில் ஜன்னலோரம் 6:10, கட்டில் பக்கம் 7:10. கைக்கடிகாரத்தை ஃபீனிக்ஸ் நேரத்திலேயே விட்டிருக்கிறேன். இனி அதைத் தொட மாட்டேன்.

செப்டம்பர் 8

மேல் ஆண்டிலோப் பள்ளத்தாக்கு. நவஹோ மொழியில் அதன் பெயருக்குத் தண்ணீர் பாறைக்குள் ஓடும் இடம் என்று பொருள். டிரைபாட்டுக்கு அனுமதி இல்லை, நின்று நிதானமாக எடுக்கவும் வழியில்லை, முன்னால் ஒரு கூட்டம் பின்னால் ஒரு கூட்டம், வழிகாட்டிப் பையன் நகருங்கள் நகருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றிக் கையிலேயே பிடித்து எடுத்தேன். மேலே ஒரு கீறல் அளவுக்குத்தான் வானம். அதன் வழியாக விழுகிற வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்துக் கீழே வருவதற்குள் மஞ்சள், செம்மஞ்சள், அப்புறம் ஊதா ஆகிவிடுகிறது. கேமரா தானாக நிறத்தைச் சமன் செய்கிற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இதையெல்லாம் கழுவித் துடைத்துவிடும் என்பதால் டேலைட்டில் வைத்துக்கொண்டேன்.

நான் எழுத நினைத்தது இது இல்லை. அங்கே ஒரு நேர்கோடு கூடக் கிடையாது. எல்லாம் வளைவு. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், இடதை மூடிப் பார்த்தேன், எப்படிப் பார்த்தாலும் வளைவுதான். ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணில் ஒரு குறையும் இல்லாததுபோல் இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுவிட்டேன், கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் பையன் 1997 ஆகஸ்ட் 12 அன்று நடந்ததைச் சொன்னான். கீழ்ப் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து 11 பேர் போய்விட்டார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. உள்ளே நின்றவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. நான் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு வந்த சுவர்களையெல்லாம் வழவழப்பாக்கியது அந்த மாதிரி வெள்ளம்தான்.

செப்டம்பர் 9

அழைப்பு இல்லை.

செப்டம்பர் 10, மானுமென்ட் வேலி

கயென்டா வழியாக வந்தேன். வழிகாட்டியாக வந்தது அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வண்டியின் பின்னால் இரண்டு நீல பீப்பாய்கள். வீட்டில் குழாய் கிடையாது, வாரம் இரண்டு முறை போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார், ஆடுகளுக்கும் அதுதான். இங்கே பல வீடுகளில் இதுதான் நிலைமை என்று சாதாரணமாகச் சொன்னார்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது பெயருக்கு அடுத்தபடி குலங்களைச் சொன்னார். முதலில் அம்மாவின் குலம், கசப்பு நீர். அப்புறம் அப்பாவின் குலம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே கொடுக்கிற ஊரில் வளர்ந்தவன் நான், அதனால் எனக்கு அது புதிதாக இல்லை. அம்மா பிறந்த ஊரில் தொடங்கி நானும் நாலு பேரைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்.

ட்ரோன் கூடாது. கேட்காமல் ஆட்களையும் வீடுகளையும் எடுக்கக் கூடாது. நான் ஒரு பாறையை விரலால் காட்டியபோது அவர் பதிலுக்கு உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டினார். இங்கே அப்படித்தான் திசை காட்டுகிறார்கள். சாயங்காலத்துக்குள் நானும் விரலை மடக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 11

அதிகாலை 4:30க்குக் கிளம்பினோம், என் கடிகாரத்தில் 3:30. மணல்மேட்டில் அவர் எனக்கு முன்னால் செருப்போடு ஏறிப் போனார், நான் டிரைபாட்டை ஊன்றி ஊன்றி ஏறினேன். கிழக்கே யேய் பிச்சாய் பாறைகள், குளிர்காலத்தில் ஒன்பது இரவு நடக்கும் சடங்கில் வரிசையாக ஆட வருகிறவர்கள் மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். அவற்றின் பக்கத்தில் தனியாக, ‘டோட்டம் போல்’ (Totem Pole) என்று பெயர் வைத்த பாறை. சுமார் 400 அடி உயரத்துக்கு ஒல்லியாக நிற்கிற கல் தூண்.

வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்தேன். தூண் நடு இடுப்பில் வளைந்திருந்தது.

இடது கண்ணுக்கு மாற்றினேன். நாற்பது வருடப் பழக்கம், இடது கண்ணை வைத்தால் மூக்கு திரையில் போய் நசுங்குகிறது, கட்டைவிரல் கன்னத்தில் இடிக்கிறது, மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்குகிறது. மூன்று தடவை துடைத்தேன். அதற்குள் வானம் சிவந்து, மணலின் அலைகளில் நிழல் விழ ஆரம்பித்துவிட்டது, இன்னும் பத்து நிமிடம் போனால் அதுவும் இருக்காது. "எந்தக் கண்?" என்று பின்னாலிருந்து கேட்டார். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வலது என்றேன். தன் இடது கண்ணைத் தொட்டு, சர்க்கரை, லேசர் வைத்தார்கள் என்றார். அவ்வளவுதான். அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று காற்றை மறைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஒல்ஜேட்டோ பக்கமாக உதட்டைக் காட்டி, அங்கே மேசாவின், அந்தத் தட்டை உச்சிக் குன்றின் மேல் யுரேனியம் எடுத்தார்கள் என்றார். அவர் அப்பா அப்படி ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தவர், வேலை உடுப்போடு வீட்டுக்கு வருவாராம், அம்மாதான் கையால் துவைப்பார். 1944லிருந்து 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து ஏறக்குறைய 3 கோடி டன் தாதுவை அள்ளிப் போயிருக்கிறார்கள், விட்டுப் போன சுரங்கங்களே 500க்கு மேல். அப்பாவுக்கு நுரையீரல். நான் அந்த மேசாவை நேற்று சாயங்காலம் எடுத்திருந்தேன், நல்ல வெளிச்சத்தில், அழகாக வந்திருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 11, இரவு

லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் தூண் நேராக நிற்கிறது. வலது கண்ணால் பார்த்தால் படத்திலும் வளைகிறது.

செப்டம்பர் 12

காலையில் மிஸ்டரி வேலி. பாறைக் குடைவுக்குள் பழைய கல் வீடு, சுவர் முழுக்க வெள்ளையில் பதித்த கைகள். சின்னக் கைகளும் இருக்கின்றன. வழிகாட்டி அம்மா வண்டியிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டார். முன்னால் இருந்து போனவர்களின் இடம், நான் வரமாட்டேன், நீங்கள் இங்கிருந்தே பாருங்கள் என்றார். 400 எம்எம்மில் அந்தக் கைகளைக் கிட்டக் கொண்டுவந்துவிடலாம். கொண்டுவந்தும் பார்த்தேன். பிறகு கேமராவை இறக்கி மூடியைப் போட்டுவிட்டேன். அவர் தடுக்கவில்லை. அவர் வராத இடத்துக்கு என் லென்ஸ் மட்டும் போவது எனக்கே சரியாகப் படவில்லை.

மத்தியானம் சூரியனின் கண் என்கிற இடம். குடைவின் கூரையில் ஒரு ஓட்டை, அதில் வானம். மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஸ்கேன் படத்தில் டாக்டர் காட்டிய விழித்திரை ஓட்டையும் இப்படித்தான் இருந்தது, இரண்டு பக்கமும் மேடு, நடுவில் திறப்பு.

மேலே வந்து சிக்னல் கிடைத்ததும் தவறிய அழைப்பு ஒன்று. என் கடிகாரப்படி 2:52க்கு வந்திருக்கிறது. திரும்பக் கூப்பிட்டால் பாட்டு ஓடியது, 25 நிமிடம் ஓடியது, அப்புறம் அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு குரல்.

செப்டம்பர் 13

மழை. இடியோடு கொட்டுகிற இதை ஆண் மழை என்பார்களாம், சத்தமில்லாமல் நனைக்கிறது பெண் மழை. 17 மைல் மண் பாதை சேறாகிவிட்டதால் மூடிவிட்டார்கள். மேசா விளிம்பிலிருந்து சிவப்பாக அருவிகள் விழுந்தன, அறை வாசலில் நின்று எடுத்தேன், எல்லாமே ஆட்டம்.

வருடத்தில் இரண்டு தடவைதான், மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும், சூரியன் மறைகிறபோது மேற்கு மிட்டன் என்கிற கையுறை வடிவப் பாறையின் நிழல் போய்க் கிழக்கு மிட்டன் மேல் விழும். அதற்காகத்தான் இந்தத் தேதியில் வந்தேன். இன்று நிழலும் இல்லை, மிட்டனும் இல்லை, ஒரே வெள்ளை.

கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் பார்த்தேன். அறுவைக்கு அப்புறம் ஒரு வாரம் இப்படி இருக்க வேண்டும். தூங்கும்போதும் முகம் கீழே, சாப்பிடும்போதும் கீழே. 18 நிமிடத்தில் கழுத்து விட்டுப்போயிற்று. ஒரு வாரத்துக்குத் தரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. எந்தத் தரை என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன், ஹால் தரை பரவாயில்லை, டைல்ஸில் கொஞ்சம் வேலைப்பாடு இருக்கும், படுக்கையறையில் வெறும் கம்பளம். டைல்ஸ் என்றால் நேர்கோடுகள். வேண்டாம், கம்பளமே இருக்கட்டும்.

செப்டம்பர் 14

கூப்பிட்டார்கள். 17ஆம் தேதி, காலை 6 மணிக்கு வந்துவிட வேண்டும். ஃபீனிக்ஸ் நேரமா என்று கேட்டேன், அந்தப் பெண் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு ஆமாம் என்றாள்.

சாயங்காலம் வானம் திறந்துவிட்டது. தகவல் மையத்துக்கு முன்னால் இடம் பிடிக்கவே கூட்டம், அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டார். நிழல் நினைத்ததைவிட வேகமாக ஏறுகிறது. முதலில் அடிவாரத்துச் சரிவில், அப்புறம் சுவரில், கட்டைவிரலோடு முழுக் கையுறையும் அப்படியே. மேகம் ஓரத்தில் கொஞ்சம் தின்றுவிட்டது, மேல் விளிம்பு சரியாக விழவில்லை. 41 படம் எடுத்தேன், எல்லாம் இடது கண்ணால். 42ஆவதற்கு வைத்த விரலை விலக்கிவிட்டேன், கேமராவை விட்டுத் தள்ளி நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நிழலின் விளிம்பு எனக்கு வளைந்து தெரிந்தது. பாறையே அங்கே கரடுமுரடுதான், அதனால் உண்மையிலேயே அப்படியா என்று பேத்தியைக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

நாளைக் காலை ஃபீனிக்ஸுக்குக் கிளம்புவதாகச் சொன்னேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு இடம் பாக்கி இருக்கிறது என்றார். முதலில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அப்புறம் அங்கே.

செப்டம்பர் 15

4:15, அவர்கள் நேரம். தாளைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. வெளியே வண்டி வந்துவிட்டது, காலி பீப்பாய்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்கிறது.