தொண்டிக் கரையில் அரை மீட்டர் சதுரம்

பிவிசி குழாயை நாலு துண்டாக அறுத்து, நாலு எல்போ போட்டு ஒட்டினால் அரை மீட்டர் சதுரச் சட்டம் தயார். குழாயில் அங்கங்கே ஓட்டை போட மறக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் சட்டம் மூழ்கும். அதைக் கடலடியில் போட்டு, உள்ளே எத்தனை கடற்புல் தண்டு நிற்கிறது என்று மூச்சுப் பிடித்து எண்ண வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் எம்.எஸ்சி. படித்தபோது நான் செய்த வேலையில் பாதி இதுதான்.

பல்கலைக்கழகம் காரைக்குடியில். கடலியல் துறை மட்டும் இங்கே, எங்கள் கரையில். ஏன் இப்படித் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று சேர்ந்த புதிதில் எனக்கும் தோன்றியது. முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. விடிகாலை ஆறு மணிக்குப் பாக் விரிகுடா கண்ணாடி மாதிரி கிடக்கும், அடியில் கிடக்கும் சிப்பி வரை தெரியும். பத்து மணிக்குக் காற்று எழும்பினால் எல்லாம் கலங்கல். காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவருக்கு அந்தக் காலைக் கடல் கிடைக்கவே கிடைக்காது.

அப்பா நண்டு வலை விடுகிறவர். அவர் வத்தைப் படகில்தான் நாங்கள் மூன்று பேர் போவோம். கையில் கிடைத்த புல்லை அவரிடம் காட்டி, "இது பாசி இல்லப்பா. இதுக்கு வேர் இருக்கு, பூ இருக்கு, தண்ணிக்குள்ளயே பூக்கும்" என்றேன். "பேரு தெரியாது தாயி. ஆனா புல்லு கிடந்தா நண்டு கிடக்கும்" என்றார். அவருக்கு அது போதும்.

எனக்குப் பேரும் வேண்டியிருந்தது. சிரிங்கோடியத்தின் இலை சேமியா மாதிரி உருண்டையாக இருக்கும், விரலுக்கு நடுவில் உருட்டலாம். சைமோடோசியா செருலேட்டா தட்டையாக இருக்கும், அதன் நுனியை நகத்தில் தேய்த்தால் சின்ன ரம்பப் பல் தட்டும். தண்ணீர் கலங்கிய நாளில் கண்ணை நம்பாமல் விரலால்தான் இனம் பிரித்தேன். இந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடற்பசு வாழ்கிறது. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை தின்னும் என்பார்கள்.

மூன்றாவது மாதம் போனபோது, நாங்கள் அடையாளத்துக்கு நட்ட கம்புகள் இல்லை. கயிறும் இல்லை. புல் இருந்த இடத்தில் உழுத மாதிரி நீளமாக ஒரு தடம். இராத்திரி யாரோ இழுவை மடி, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகிற வலை, இழுத்திருக்கிறார்கள். வத்தையிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டே வந்தார். பிறகுதான், "கம்பு போனா வேற நட்டுக்கலாம், புல்லுல்ல போச்சு" என்றார்.

அந்தத் தடம்தான் இன்று வரைக்கும் என்னை எழுதவைக்கிறது. எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரைக்கு 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்கா வந்துவிட்டது, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளோடு. பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகத்தை 2022இல் அறிவித்தார்கள். கேள்விப்பட்ட அன்று அவ்வளவு சந்தோஷம். ஆனால் அது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளோடு நின்றுவிடுகிறது. புல் அந்த எல்லையோடு நிற்கவில்லையே! ஆய்வு நிலையம் கரையில் இருந்தால் மட்டும் போதாது. அதன் முன்னால் யாரும் மடி இழுக்காத ஒரு துண்டுக் கடலாவது வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் எண்ணியதை அடுத்த வருடம் எதோடு ஒப்பிடுவது?

இப்போது இரண்டு குடாவிலும் புல்லைத் திரும்ப நட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் எண்ணப் பயன்படுத்திய அதே மாதிரி பிவிசி சட்டம்தான். குறுக்கே சணல் கயிறு கட்டி, கயிற்றில் புல்லை முடிந்து, கடலடியில் இறக்கிவைக்கிறார்கள். சணல் மக்குவதற்குள் வேர் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கொத்தாகக் கையால் கட்டுகிற வேலை. ஒரு இராத்திரியில் போனதைத் திருப்பிக் கொண்டுவர எத்தனை பேருடைய எத்தனை நாள் வேண்டும் என்று கணக்குப் போட்டால் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது நான் பள்ளி ஆசிரியை. போன மாதம் பிள்ளைகளைக் காரங்காடு அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னேன். "டீச்சர், உப்பு!" என்று படகே ஆடுகிற மாதிரி கத்தினார்கள். மரம் தனக்கு வேண்டாத உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டார்கள்.

என் பழைய சட்டம் அப்பாவின் வலைக் கொட்டகையில் இன்னும் கிடக்கிறது. ஒரு எல்போ கழன்றிருக்கிறது. மாசி பிறந்து வாடை தணிந்ததும் ஒட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும். எட்டாம் வகுப்பில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வத்தைக்கு அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.